கடைசிக் கட்டத்துப் பெண்ணுக்கு ஒரு பொட்டு

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறையாவது அச்சகத்துப் பக்கம் போய்விடுவேன். பின்வாசலைச் சரியாகப் பூட்டுகிறார்களா, காகிதக் கட்டு அடுக்கிய கொட்டகையில் மழை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி. அது என் வேலை இல்லைதான். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கினவன் நான். வேலை முடிந்ததும் கவலையும் முடிந்துவிடுமா என்ன.

போன தடவை போனபோது கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் ஷீலா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக யுத்த காலத்தைப் பற்றி ஒரு படக்கதை செய்துகொண்டிருக்கிறாளாம். திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள். நல்ல நிறங்கள். ஆசிட் வாடை இல்லாமல், கை வெந்துபோகாமல் இத்தனையும் நடக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அங்கிள், நீங்க அந்தக் காலத்திலயே வார் பத்திப் பசங்களுக்கு காமிக்ஸ் போட்டீங்களாமே. சாவு வர்ற இடத்தையெல்லாம் எப்படிக் காட்டினீங்க? எனக்கு அந்தப் பேஜ் மட்டும் வரவே மாட்டேங்குது” என்றாள்.

ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வாக்கியம் கோணலாக இருந்தால் ஷீலாவே நிமிர்த்திக்கொள்ளட்டும்.

என் அப்பா ரயில்வேயில் கலாசி, பாரம் தூக்குகிற வேலை. யுத்தம் முடிகிற சமயத்தில் அவருக்கு நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார். மைசூரில் நான் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே இந்த அச்சகம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வரைக்கும் போகாமல் பாதி வழியில் இங்கே நுழைந்துவிட்டேன். என் படிப்பு நின்ற கதை அவ்வளவுதான்.

அப்போது படம் அச்சடிப்பது கல்லில். கனத்த, வழவழப்பான கல். அதன்மேல் மணலைத் தூவித் தண்ணீர் விட்டு இன்னொரு கல்லால் தேய்த்தால் பழைய படம் போய்ப் புதுப் படத்துக்குத் தயாராகும். இரண்டு வருஷம் அந்தத் தேய்ப்பு வேலைதான். பிறகு கல்லில் எழுத்து எழுத வைத்தார்கள். கொழுப்பு மையால் வரைந்து, கோந்தோடு துளி ஆசிட் கலந்து தடவி, ஈரப் பஞ்சால் துடைத்து ரோலர் ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஆனால் கல்லில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். அதனால் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டும், எழுத்தையும் திருப்பி எழுத வேண்டும். கொஞ்ச நாளில் தமிழைத் திருப்பி எழுதுவது எனக்கு நேராக எழுதுவதைவிடச் சுலபமாகிவிட்டது. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. செய்வினை வைக்கிறவன்தான் அப்படி எழுதுவான் என்பாள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷத்தில் எங்கள் முதலாளிக்குப் பள்ளிக்கூடங்களுக்குப் படக்கதை போடலாம் என்று தோன்றியது. முதல் வரிசையே யுத்த காலம். கன்னடத்தில் ஒன்று, தமிழ்ப் பள்ளிகளுக்காகத் தமிழில் ஒன்று. படம் இரண்டுக்கும் ஒன்றுதான், எழுத்துக் கல் மட்டும் வேறு. ஓவியர் ஷாமண்ணா. உள்ளூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். தமிழ் எழுத்து என் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் மேலே எஸ்தர் மிஸ்.

எஸ்தர் மிஸ் பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. பள்ளி விட்டதும் நேரே அச்சகத்துக்கு வருவார். குடையை ஜன்னல் கம்பியில் மாட்டுவார், ஒரு டம்ளர் வெந்நீர் குடிப்பார், நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு உயரமான ஸ்டூலில் உட்காருவார். திட்டினதே கிடையாது. பிடிக்காத கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். வைத்துவிட்டு, “இதை யார் பார்த்தது?” என்பார். அந்தக் கட்டத்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்த ஒரு மனுஷராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டம் போய்விடும். புள்ளி வைக்காமல் பக்கத்தைத் திருப்பினால் அதுதான் பாராட்டு.

ரேஷன் கடை வரிசையை ஷாமண்ணா ஒரு கட்டத்தில் வரைந்திருந்தார். பெண்கள் பையோடு ஒருவர் பின் ஒருவராக அழகாக நிற்கிறார்கள். மிஸ் புள்ளி வைத்தார்.

“இதை யார் பார்த்தது?”

“ஊரே பார்த்தது மிஸ். நானும் நின்னேனே” என்றார் ஷாமண்ணா.

“நீங்க நின்னீங்களா, உங்க வீட்டம்மா நின்னாங்களா?”

ஷாமண்ணா மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். மறுநாள் மிஸ், அச்சகத்தில் காகிதம் மடிக்கிற பெண்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “யாரு மிஸ் அவ்வளவு நேரம் நின்னது? ஒரு கல்லையோ கூடையையோ வரிசைல வச்சிட்டு வேலைக்குப் போயிடுவோம். என் கல்லு எதுன்னு எனக்குத் தெரியும், அவ கல்லு எதுன்னு அவளுக்குத் தெரியும். சண்டை வந்தா அந்தக் கல்லுதான் சாட்சி” என்றாள் ஒருத்தி. படம் மாறியது. ஆள் இல்லாத தெருவில் கற்களும் ஓட்டைக் கூடைகளும் ஒரு கிழிந்த செருப்பும் அரிசிக்காக வரிசையில் நிற்கும். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட அந்தக் கட்டம்தான் பிடித்தது.

என் கவலைக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. துப்பாக்கி இந்தக் கட்டத்தில் வலது தோளில் இருந்தால் அடுத்ததில் இடது தோளுக்குப் போய்விட்டதா, லாரியின் ஸ்டியரிங் எந்தப் பக்கம், சட்டைப் பொத்தான் ஆண்பிள்ளைச் சட்டை மாதிரி போட்டிருக்கிறதா என்று நான் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் பெயர் சவரிமுத்து. ஷாமண்ணா என்னைக் கவலைமுத்து என்றுதான் கூப்பிடுவார். “ஏனப்பா கவலைமுத்து, ராத்திரி கனசுல கூட பொத்தான் எண்றியா?” என்பார். மிஸ் மட்டும், “அவன் எண்ணட்டும் ஷாமண்ணா. ஒருத்தன் கவலைப்பட்டாத்தான் ரெண்டு பேர் தூங்கலாம்” என்றார் ஒரு தடவை. அதை இன்று வரைக்கும் நான் மறக்கவில்லை.

மிஸ்ஸிடம் இன்னொரு வழக்கம் உண்டு. நிறக் கற்களைத் தொடுவதற்கு முன்னால் கறுப்பு மையில் மட்டும் மலிவுக் காகிதத்தில் சில பிரதிகள் எடுத்து, ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். அவர் சத்தமாக வாசிப்பார். நான் பின்னால் நின்று பிள்ளைகளின் விரல்களைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தில் விரல் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று மனசில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். விரல் தாண்டின கட்டம் நாங்கள் தோற்ற கட்டம்.

அந்த வரிசையில் சிங்கப்பூரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டோம். நம் பட்டாளத்து ஆட்கள் அங்கே ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டது, முகாமில் அடைபட்டது, ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போகப்பட்டது. அங்கிருந்து உயிரோடு திரும்பி வந்த ஒருவர் எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மிஸ் அவரிடம் பல நாள் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். முகாமில் தன் பக்கத்துப் பாயில் ஒருவர் காய்ச்சலில் செத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அந்த ஆளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. புத்தகம் அந்தச் சாவோடு முடிவதாக ஏற்பாடு.

ஒரு லாரி டிரைவரைக் கதையின் ஆளாக வைத்து, அந்தச் சாவையும் அவருக்கே கொடுத்தோம். உடுப்பு சரியாக வரவேண்டும் என்று மிஸ் தன் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் பட்டாளத்துப் பொருள் ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஒரு தண்ணீர்க் குப்பி வந்தது, ஒரு பெல்ட் வந்தது, ருக்மணி என்ற பெண் ஒரு போட்டோ கொண்டு வந்தாள். தொப்பி, சட்டைப் பை, தோள் பட்டை எல்லாம் தெளிவாக இருந்த போட்டோ. ஷாமண்ணா அதைப் பலகையில் குத்தி வைத்துக்கொண்டு வரைந்தார். வேலை முடிந்ததும் போட்டோவைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிரதியில் டிரைவரின் முகம் எனக்கு என்னவோ செய்தது. ஷாமண்ணா வரைகிற ஆண்கள் எல்லாருக்கும் அவருடைய மாமனார் ஜாடை இருக்கும். இந்த முகத்தில் அது இல்லை. வலது கன்னத்தில் மூக்கை ஒட்டி ஒரு மச்சம் வேறு.

“இந்த மச்சம் எதுக்குண்ணா?” என்று கேட்டேன்.

“ஒரு மச்சம் இருந்தா மொகத்துக்கு ஜீவ வரும் கணோ. அதுக்கும் கவலையா?” என்றார்.

அன்றைக்கு வகுப்பில் மிஸ் வாசித்துக்கொண்டு வந்தார். நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு விரல் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் பக்கம் திருப்பியும் அது நகரவில்லை. பிறகு அந்தப் பெண் மளமளவென்று கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பார்த்தாள். மறுபடி மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். எழுந்து நின்றாள்.

“மிஸ், இது எங்க அப்பா.”

பக்கத்துப் பெண் உடனே, “பொய் சொல்றா மிஸ். அவங்க அப்பா பட்டாளத்துல இருக்காரு, வந்துடுவாருன்னு தினமும் சொல்லுவா” என்றாள்.

“இருக்காருதான். இந்தப் பக்கத்துல இருக்காரு. கடைசிப் பக்கத்துல செத்துட்டாரு” என்றாள் ருக்மணி. குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. “மிஸ், எங்கம்மாவுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?”

மிஸ் பிரதியை மேஜைமேல் வைத்தார். “எனக்கும் தெரியாதும்மா” என்றார். பிரதிகளை எல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார். ருக்மணி தன்னுடையதைத் தரவில்லை. நானும் பிடுங்கவில்லை.

அச்சகத்துக்கு வந்து ஷாமண்ணாவிடம் சொன்னதும் அவர் போட்டோ குத்தியிருந்த பலகையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். தொப்பியையும் சட்டையையும் கண்ணாடியில் பார்த்துக் கவனமாகத் திருப்பி வரைந்திருக்கிறார். முகத்துக்கு வந்தபோது எதிரே இருந்த போட்டோவின் முகம் அவருக்குத் தெரியாமலேயே கை வழியாக இறங்கிவிட்டது. யோசித்து வரையாததால் அதைத் திருப்பவும் இல்லை. போட்டோவில் இடது கன்னத்தில் இருந்த மச்சம் காகிதத்தில் வலது கன்னத்துக்கு வந்தது அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் மில் ஷிஃப்ட் முடிந்ததும் ருக்மணியின் அம்மா வந்தார். பெயர் மாதம்மாள். ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். பட்டு நூல் மில்லில் வேலை. தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் அகலமான குங்குமப் பொட்டு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. துணியில் சுற்றிய போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார், அதன் பக்கத்தில் மகள் கொண்டுபோன பிரதியை வைத்தார்.

“ஏனுங்க மிஸ், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறனுங்க. போட்டோவுல மச்சம் இந்தப் பக்கம் இருக்குது. உங்க படத்துல அந்தப் பக்கம் இருக்குது. அப்ப இது வேற ஆரோதானுங்களே?”

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். ஷாமண்ணா சட்டென்று, “ஹௌதும்மா, வேற யாரோ. நான் சும்மா மனசுல இருந்து போட்டது” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா கேட்க வந்ததும் அதைத்தான். அப்படியே விட்டிருந்தால் எங்கள் எல்லாருக்கும் அன்றைக்கு இரவு நல்ல தூக்கம்.

“ஷாமண்ணா, கொஞ்சம் இருங்க” என்றார் மிஸ். என் மேஜைமேல் இருந்த கைக்கண்ணாடியை எடுத்துப் போட்டோவுக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடியில் மச்சம் வலது கன்னத்துக்குப் போயிற்று. பிரதியில் இருந்த அதே முகம்.

“கல்லுல நேரா வரைஞ்சா இப்படித் திரும்பி விழும்மா. முகம் அவரோடதுதான். உங்க போட்டோவைப் பார்த்து வந்ததுதான். ஆனா சாவு அவரோடது இல்ல. அது வேற ஒருத்தரோட சாவு, பக்கத்துல இருந்து பார்த்தவர் சொன்னது. ரெண்டையும் நாங்க ஒண்ணாச் சேத்துட்டோம். உங்க வீட்டுக்காரரைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.”

மாதம்மாள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நெசமாலுமே தெரியாதுங்களா?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க. மத்த எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது” என்றார். பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இது. சிங்கப்பூர் விழுந்த வருஷம் கணவர் காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து ஒரு தபால் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அப்போது ருக்மணி கைக்குழந்தை. ஒவ்வொரு வருஷமும் கொள்ளேகால் பஸ் பிடித்து மாதேஸ்வரன் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வருகிறார். ராமாபுரத்தில் கணவரின் அண்ணன், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார். தம்பியின் சாவு முடிவாகாமல் வீட்டில் எப்படி நல்ல காரியம் செய்வது, கருமாதியை முடித்துவிடலாம் என்று ஆள் மேல் ஆள் விடுகிறார்.

“கெட்டவரு இல்லீங்க. அவருக்கும் வயசுப் புள்ளை இருக்குது. ஆனா இந்தப் பொஸ்தவம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போச்சுன்னா, பாரு, அச்சுலயே போட்டுட்டாங்கன்னு சொல்லிக் கருமாதியைப் பண்ணிப்போடுவாருங்க. அன்னிக்கே என்ற பொட்டை அழிச்சுப்போடுவாங்க. அப்புறம் அவரு வந்து நின்னா நான் எப்படீங்க அவரு மூஞ்சில முழிக்கறது?”

“முகத்தை மாத்திடறோம்மா. நாளைக்கே” என்றார் மிஸ்.

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“மாத்த வேண்டாமுங்க. என்ற புள்ளை நேத்து ராத்திரி பூரா மூணாம் பக்கத்தைப் பாத்துட்டே இருந்தா. அப்பா வண்டி ஓட்டறதை இப்பத்தான் பாக்கறேங்கறா. போட்டோவுல அவரு சும்மா நிக்கறாரு, உங்க படத்துல வண்டி ஓட்டறாரு. ஓட்டட்டுமுங்க. செத்தாருன்னு மட்டும் நீங்க சொல்லிப்போடாதீங்க.”

அவர் போன பிறகு எங்களுக்குள் பெரிய வாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது புத்தகம் கையில் இருக்க வேண்டும், முதலாளி தினம் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷாமண்ணா ஒரு யோசனை சொன்னார். “டிரைவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திடலாம் மிஸ். ரயிலிலிருந்து இறங்கறான், ஹெண்டத்தி வாசல்ல நின்னு புருஷனுக்கு ஆரத்தி எடுக்கறா. மக்களுக்கும் குஷி, அந்தம்மாவுக்கும் குஷி.”

“அதை யார் பார்த்தது?” என்றார் மிஸ்.

“அப்போ சாவே இல்லாம முடிச்சிடலாமா மிஸ்?” என்று நான் கேட்டேன்.

“சைக்கிள் கடைக்காரர் பார்த்தாரே சவரி. பக்கத்துப் பாயில ஒரு மனுஷன் செத்தார். பேர் தெரியாதுங்கறதுக்காக அவரை எடுத்துட முடியுமா? அவருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்குமே.”

இரண்டு நாள் மிஸ் வெந்நீர் மட்டும் குடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு நீலப் பென்சிலால் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினார். முகாமில் சாகிறவர் சாகட்டும். ஆனால் அவர் முதுகைக் காட்டிப் படுத்திருப்பார், முகம் தெரியாது. கீழே, ‘இவர் பெயர் பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை’ என்று ஒரு வரி. நம் டிரைவர் அதற்கு முந்தின பக்கத்தில் வேறு லாரியில் ஏற்றப்பட்டுப் போகிறார். ‘அந்த லாரி எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.’ கடைசிக் கட்டத்தில் ஓட்டு வீடு, வாசலில் ஒரு பெண், அவள் வாயருகே ஒரு பலூன். பலூனுக்குள் ஒன்றும் இல்லை.

“என்ன எழுதணும் மிஸ்?” என்றேன்.

“ஒண்ணும் எழுதாதே. பிள்ளைங்க எழுதட்டும்.”

எழுத்துக்காரனை எழுத வேண்டாம் என்றால் எப்படி இருக்கும். அச்சில் பலூன் காலியாக இருந்தால் அச்சகத்தின் தவறு என்று நினைப்பார்களே என்று அன்று முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லில் திருத்துவது காகிதத்தில் அழிப்பது மாதிரி இல்லை. வேண்டாத கோட்டைக் கூரான கத்தியால் பூப்போலச் சுரண்ட வேண்டும். ஆழமாகப் போனால் பள்ளம் விழும், ரோலர் அதில் மையைத் தேக்கிவிடும். சுரண்டின இடம் கோந்தைக் குடித்திருப்பதால் புது மையை ஏற்காது. அந்த இடத்துக்கு மட்டும் பஞ்சில் தொட்டுக் காடி, அதாவது வினிகர், வைத்து, கழுவி, காயவைத்து, அப்புறம்தான் வரையலாம். காடி பக்கத்துக் கட்டத்துக்கு வழிந்தால் அந்தப் படமும் போய்விடும். சாகிற ஆளின் முகத்தை நான்தான் சுரண்டினேன். ஷாமண்ணா அந்தப் பக்கமே வரவில்லை, முதுகை வரைய வேண்டிய நேரத்தில்தான் வந்தார்.

திருத்தின பிரதியை மிஸ் மாதம்மாளுக்குக் காட்டச் சொன்னார். அச்சுக்குப் போவதற்கு முன் பள்ளிக்கும் அச்சகத்துக்கும் வெளியே ஒருவரை நாங்களாக அழைத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்குப் படிக்கத் தெரியாது. படத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதுகு தெரிகிற ஆளிடம் கொஞ்ச நேரம் நின்றார். “இவரு வேற வீட்டு ஆளுங்க, பாவம்” என்றார். கடைசிக் கட்டத்துக்கு வந்து படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இந்தம்மாவுக்குப் பொட்டு இல்லீங்களே.”

பார்த்தோம். இல்லை. ஷாமண்ணா வேண்டுமென்று விட்டதில்லை, கட்டைவிரல் நகம் அளவு முகத்தில் பொட்டு வைக்க இடம் ஏது என்று விட்டிருக்கிறார். மிஸ் கிறிஸ்தவர், நானும் அப்படியே. எங்கள் இருவர் கண்ணிலும் அது படவே இல்லை. வாசலில் நிற்கிற பெண்ணுக்கு நெற்றி வெறுமையாக இருந்தால் முந்தின பக்கங்களில் நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்து என்ன பயன். ராமாபுரத்து அண்ணனுக்கு அந்த ஒரு நெற்றி போதும்.

“நீயே வை சவரி” என்றார் மிஸ்.

மாதம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்துக்குக் காடி தொட்டு, கழுவி, விசிறியால் காயவைத்தேன். மெல்லிய நிப்பை மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. வாழ்நாளில் ஆயிரக்கணக்கான எழுத்துக்களுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். இதற்குப் பட்ட பயம் எதற்கும் பட்டதில்லை. ரோலரில் அது ஒட்டுமா, பரவி நெற்றி முழுக்கக் கறுப்பாகிவிடுமா என்று ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தேன். நிறம் ஏற்றும்போது சிவப்புக் கல்லிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அத்தனை பிரதிகளிலும் பொட்டு சரியாக விழுந்தது. முதல் பிரதியை மாதம்மாள் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, “கொஞ்சம் சின்னப் பொட்டுங்க. பரவாயில்ல” என்றார்.

கணவரின் அண்ணன் மைசூருக்கே வந்தாராம். புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை புரட்டிப் பார்த்திருக்கிறார். “இதுலயும் சொல்லலையா” என்று கேட்டிருக்கிறார். கோயிலில் பூப் போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்டு, கருமாதி இல்லாமலேயே மகள் கல்யாணத்தை நடத்தினார். மாதம்மாள் குங்குமத்தோடு போய் முன்வரிசையில் நின்று மணமக்களுக்கு அரிசி போட்டுவிட்டு வந்தார். எங்கள் மூவருக்கும் வெற்றிலை பாக்கு கொண்டு வந்து கொடுத்தார். அவர் கணவர் வந்தாரா என்று ஷீலா கேட்பாள். நான் வேலையில் இருந்த வரைக்கும் வரவில்லை. வரமாட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

பள்ளி திறந்ததும் அதே பிள்ளைகளின் வகுப்பில் புது நிறப் புத்தகத்தை மிஸ் வாசித்தார். நான் வழக்கம்போலப் பின்னால் நின்றேன். லாரி பக்கத்தில் எல்லா விரலும் நின்றது. முதுகு தெரிகிற ஆளிடம் வந்தபோது ஒரு பெண் மெதுவாக, “அவரை வீட்ல தேடுவாங்கல்ல மிஸ்” என்று கேட்டாள். “தேடுவாங்க” என்றார் மிஸ்.

பிறகு எல்லாரும் பென்சில் எடுத்து அந்த அம்மா என்ன சொல்கிறாள் என்று பலூனில் எழுதினார்கள். ‘சீக்கிரம் வா’ என்று பலர். ‘சோறு ஆறிப்போகுது’ என்று ஒருத்தி. ‘யாரும் தபால் போடவே இல்லை’ என்று கோபமாக ஒருத்தி. நான் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பார்த்துக்கொண்டே மூன்றாவது பெஞ்சுக்கு வந்தேன்.

ருக்மணி நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் அவர்கள் வீடு மாறியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எழுதியிருந்தது:

‘நாங்க வீடு மாறிட்டோம். மண்டி மொகல்லாவுக்குப் போகாதீங்க. இட்டிகெகூடு, தண்ணிக் குழாய்க்கு எதிர் வீடு. பச்சைக் கதவு. அம்மா மில்லுக்குப் போயிருந்தா நான் இருப்பேன்.’

பலூன் அவளுக்குப் போதவில்லை. பாதி எழுத்து பலூனுக்கு வெளியே ஓட்டுக்கூரை மேல் ஏறி நின்றது. பச்சைக் கதவு என்பதை ஓடுகளுக்கு நடுவில் இடுக்கி எழுதியிருந்தாள். யாராவது படித்தால் புரியுமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அதை மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் வெந்நீரைக் குடித்து முடித்துவிட்டு, “அடுத்த அச்சுல இடம் பண்ணிடு” என்றார்.

கல்லை இறக்கிக் கழுவினேன். ஷாமண்ணா ஆசையாக வரைந்த கூரையில் பாதியைச் சுரண்டி எடுத்துப் பலூனைப் பெரிதாக்கினேன்.